சிங்கப்பூரில் கொரோனா காலம்: டார்மில் அடைபட்டதும் ஊரில் மாட்டிக்கொண்டதும்

போன மாதம் அண்ணன் மகன் ஊரிலிருந்து கூப்பிட்டான். சிங்கப்பூரில் கட்டுமான வேலை கிடைத்து ஐபிஏ (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம்) வந்துவிட்டதாம். "சித்தப்பா, என்னென்ன எடுத்துட்டு வரணும்?" என்றான். கைலி, நார்த்தங்காய் ஊறுகாய், காய்ச்சல் மாத்திரை என்று சொல்லிக்கொண்டே வந்தவன், கடைசியில் "நல்ல கெட்டி ஃபைல் ஒண்ணு வாங்கிக்கோ" என்றேன். ஃபைல் எதற்கு என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். முதல்முறை வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவும்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம். 2011-இல் கம்பி கட்டும் வேலைக்கு சிங்கப்பூர் வந்தேன். இரண்டு மூன்று வருடம் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்துவிட்டது. புதிதாகக் கன்று வைத்து அது காய்க்கும்வரை வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. அதனால் 2020-இல் கொரோனா வந்தபோது, போட்டதைப் போட்டபடி ஊருக்குப் போகலாம் என்ற யோசனையே எனக்கு இல்லை.

அப்போது நான் இருந்த டார்மில், அதாவது தொழிலாளர் விடுதியில், ஒரு அறையில் 12 பேர். ஆறு இரட்டைக் கட்டில். எட்டு பேர் தமிழர்கள், நான்கு பேர் பங்களாதேஷ்காரர்கள். குளியலறையும் கழிப்பறையும் தளத்தின் கோடியில், எல்லா அறைக்கும் பொது. சமையல்கட்டும் பொது. அந்த இடத்தில் ஒருவருக்கு இருமல் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு பெரிய டார்ம்களைத் தனிமைப்படுத்தினார்கள். ஏறக்குறைய 20,000 பேர் உள்ளே. இரண்டு நாளில் சிங்கப்பூர் முழுவதும் 'சர்க்யூட் பிரேக்கர்' என்ற முடக்கம் தொடங்கியது. ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று, அதில் மிகப் பெரும்பாலோர் டார்ம் தொழிலாளர்கள். அதற்குள் எங்கள் கேட்டும் மூடியாகிவிட்டது.

முதல் பத்து நாள்தான் மிக மோசம். நோய்க்குப் பயந்ததைவிட, என்ன நடக்கிறது என்று தெரியாமல் பயந்ததுதான் அதிகம். ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் "எல்லாரையும் கப்பலில் ஏற்றப் போகிறார்கள்" என்பார், இன்னொருவர் "பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள்" என்பார். மூன்று வேளையும் கேட்டரிங் சாப்பாடு. பசி தாங்க முடியாத நேரத்தில்கூட அந்தச் சோறு தொண்டையில் இறங்காத நாட்கள் உண்டு. சித்திரை முதல் நாள் அன்று ஆறிப்போன பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எட்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பத்து நாள் கழித்து ரமலான் நோன்பு தொடங்கியது. பங்களாதேஷ் நண்பர்கள் விடியற்காலையில் கண் விழிக்கும்போது சாப்பாடு கையில் இருக்காது. முந்தைய இரவுப் பொட்டலத்தில் பாதியை அவர்களுக்கென்று எடுத்து வைக்கும் வழக்கம் எங்கள் அறையில் அப்படித்தான் வந்தது.

அப்புறம் நிலைமை மெல்ல மாறியது. அரசு அதிகாரிகள் குழுவாக டார்முக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார்கள். வைஃபை கொடுத்தார்கள். தமிழில், வங்க மொழியில் அறிவிப்பு வரத் தொடங்கியது. தமிழில் வந்த முதல் குறுஞ்செய்தியைப் படித்த அன்றைக்குத்தான் எங்கள் அறையில் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்கினார்கள். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு விதி வந்தது என்று யார் சொன்னாலும், அது மனிதவள அமைச்சின் (நாங்கள் எம்ஓஎம் என்போம்) செய்தியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புவேன். கம்பெனி மேனேஜர் சொன்னாலும் சரி, பத்து வருட அனுபவம் உள்ள அண்ணன் சொன்னாலும் சரி.

அந்தப் பழக்கம் ஜூலை மாதம் என் சம்பளத்தைக் காப்பாற்றியது. அதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வருமானத்தில் பெரும்பகுதி ஓவர்டைம்தான். அடிப்படைச் சம்பளம் குறைவு. வேலை நின்றபோது, அடிப்படைச் சம்பளம் ஒழுங்காக வந்தாலும் ஊருக்கு அனுப்பும் பணம் பாதிக்கும் கீழே போய்விடும். அந்த நேரத்தில் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து கேட்டுக்கு வெளியே நின்று, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளைக் கட்டாக உள்ளே அனுப்பினார். "எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, சம்பளம் போடணும்" என்று போனில் சொன்னார். என் அறையில் நான்கு பேர் உடனே போட்டுவிட்டார்கள். நான் போனில் படம் எடுத்து, மொழிபெயர்த்துப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்கவும் சாப்பாட்டுக்கு மாதம் ஒரு தொகை பிடிக்கவும் நானே சம்மதிப்பதாக எழுதியிருந்தது.

ஐபிஏ கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அது நம் மொழியிலேயே வரும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று தெளிவாக இருக்கும். அதில் உள்ளதைவிடக் குறைக்க வேண்டுமானால், பிடித்தத்தைக் கூட்ட வேண்டுமானால், தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும், எம்ஓஎம்முக்கும் தெரிவிக்க வேண்டும். அதாவது அந்தக் கையெழுத்து இல்லாமல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நான் போடவில்லை. "படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்று மட்டும் மரியாதையாகச் செய்தி அனுப்பினேன். பிறகு வெளிநாட்டு ஊழியர் நிலையமான எம்டபிள்யூசியின் உதவி எண்ணுக்கு அழைத்து, ஐபிஏ படம், சம்பளச் சீட்டுகளின் படம், இந்தத் தாளின் படம் எல்லாவற்றையும் அனுப்பினேன். மூன்று வாரம் இழுத்தது. கையெழுத்துப் போடாத எங்கள் சம்பளத்தில் கை வைக்கவில்லை. போட்டவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டுக் காசையும் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

அண்ணன் மகனிடம் நான் சொன்னது இதைத்தான். ஐபிஏவை மூன்று பிரதி எடு. ஒன்று உன் ஃபைலில், ஒன்று போனில், ஒன்று ஊரில் அம்மாவிடம். தினமும் எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று ஒரு சின்ன நோட்டில் நீயே எழுது. டைம் கார்டு கம்பெனி கையில் இருக்கும், நோட்டு உன் கையில் இருக்கும். சம்பளம், சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்காதே. வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள்ளும், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள்ளும் புகார் கொடுத்துவிட வேண்டும். நாள் கடந்தால் உன் பக்கம் நியாயம் இருந்தும் பயனில்லை.

எனக்கும் தொற்று வந்தது. காய்ச்சல் இரண்டு நாள், பிறகு ஒன்றுமில்லை. வேறிடத்தில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் வந்த கணக்கு எங்களையே உலுக்கியது. டார்ம்களில் இருந்த 3,23,000 பேரில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. என் அறையின் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் என்று எங்களுக்கு முன்பே தெரியும்.

ஆகஸ்டில் வேலை மறுபடி தொடங்கியது. ஆனால் பழைய வேலை இல்லை அது. காலையில் எழுந்ததும் போனைப் பார்க்க வேண்டும். எஸ்ஜி வொர்க்பாஸ் செயலியில் குறியீடு பச்சையாக இருந்தால்தான் கேட்டைத் தாண்டலாம், சிவப்பு என்றால் கட்டிலுக்குத் திரும்ப வேண்டும். இன்னொரு செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை உடல் வெப்பத்தைப் பதிய வேண்டும். யார் யாரோடு இருந்தோம் என்று தடம் அறியும் டிரேஸ்டுகெதர் தனி. 14 நாளுக்கு ஒருமுறை மூக்கில் குச்சி விட்டு ஸ்வாப் டெஸ்ட். ஒரே சைட்டில் வேலை செய்கிறவர்களை டார்மிலும் ஒரே இடத்தில் தங்க வைத்தார்கள். அதனால் ஒன்பது வருடம் பழகிய அறை நண்பர்கள் ஒரே வாரத்தில் பிரிந்து போனோம். சைட்டுக்குள் குழு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவின் ஆள் இன்னொரு குழுவின் பகுதிக்குள் போகக் கூடாது, தேநீர் நேரம்கூட வேறு வேறு.

எங்கள் சைட்டில் இடைவெளியைக் கண்காணிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் தமிழும் அரைகுறை வங்க மொழியும் பேசுவேன் என்பதுதான் காரணம். இந்த விதிகளில் எது உயிரைக் காக்கும், எது வெறும் சடங்கு என்று அந்த வேலையில்தான் புரிந்தது. கம்பி கட்டும்போது இரண்டு பேர் ஒரு மீட்டர் தள்ளி நிற்க முடியாது, நீளக் கம்பியை இருவர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அதைக் கண்டித்துப் பயனில்லை. ஆனால் கூட்டம் சேர்வது சாப்பாட்டுக் கொட்டகையிலும் கை கழுவும் குழாயிலும் லாரி ஏறும் இடத்திலும். முகக்கவசம் கழற்றுவதும் அங்கேதான். என் கவனத்தையெல்லாம் அந்த மூன்று இடங்களில் வைத்தேன். பதினைந்து நிமிட வித்தியாசத்தில் குழுக்களைச் சாப்பிட அனுப்பியதும் பெரிய மாற்றம் தெரிந்தது. வெயிலில் முகக்கவசத்தோடு கம்பி தூக்குகிறவனுக்கு மூச்சு வாங்கும். ஆளில்லாத நிழலில் ஐந்து நிமிடம் தனியாக நின்று கழற்றி மூச்சு விடச் சொல்வேன். அதை எந்தச் சூப்பர்வைசரும் தடுக்கவில்லை.

ஒருமுறை நானே தவறினேன். என் ஸ்வாப் நாளும் கான்கிரீட் போடும் நாளும் ஒன்றாக வந்தன. "நாளைக்குப் போய்க்கலாம்" என்று சூப்பர்வைசர் சொன்னார், நானும் தலையாட்டிவிட்டேன். குறியீடு சிவப்பாகிவிட்டது. மூன்று நாள் வேலை போனது, சம்பளமும் போனது. சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு டெஸ்டுக்கான குறுஞ்செய்தி வந்ததுமே அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பி, "இந்தத் தேதி, இந்த நேரம் நான் போக வேண்டும்" என்று முதல் நாளே எழுதிவிடுவேன். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

ஊர்ப் பயணம் அடுத்த கதை. 2021 பிப்ரவரியில் அப்பா கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. எனக்கு இங்கே தடுப்பூசி முறை வருவதற்கு முன்பே, மார்ச் முதல் வாரம் கிளம்பினேன். இந்தியா வழக்கமான சர்வதேச விமானங்களை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. இந்திய அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் சிறப்பு விமானத்தில் திருச்சிக்கு இடம் கிடைத்தது. இந்தியா வருகிறவர்களுக்கான ஏர் சுவிதா தளத்தில் உறுதிமொழி நிரப்பி, 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் முடிவையும் ஏற்ற வேண்டும். ஏழு வாரத்தில் திரும்பிவிடுவதாகத் திட்டம். திரும்பி வருவதற்கான சிங்கப்பூர் நுழைவு அனுமதியைக் கம்பெனி வாங்கி அனுப்பியிருந்தது. ஏப்ரல் 28 பயணம்.

ஏப்ரல் 23 நள்ளிரவோடு, இந்தியாவிலிருந்து வரும் நீண்டகால அட்டைக்காரர்களும் (ஒர்க் பெர்மிட்காரர்களான நாங்களும் அதில் சேர்த்தி) பார்வையாளர்களும் சிங்கப்பூருக்குள் வரத் தடை. ஐந்து நாள் வித்தியாசத்தில் ஊரில் மாட்டிக்கொண்டேன். அந்தத் தடை அக்டோபர் 26 வரை நீடித்தது.

மே மாதக் கடைசியில் அப்பா இறந்தார். நான் கொள்ளி வைத்தேன். அதற்கு முந்தைய வருடம் என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் இருந்த அறந்தாங்கிப் பையன், தன் அம்மாவின் சிதைக்குத் தம்பி தீ வைப்பதை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தான். அறையில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றோம். அதைப் பார்த்தவன் என்பதால், ஏழு மாதச் சம்பளம் போனதே என்று யாராவது என்னிடம் வருத்தப்பட்டால் எனக்குப் பதில் சொல்லத் தோன்றாது.

ஆனால் வீட்டில் பணம் இல்லை, திரும்பியாக வேண்டும். தடுப்பூசி போடாமல் இனி விடமாட்டார்கள் என்பது தெரிந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டேன். அப்போது இரண்டாவது ஊசிக்கு 84 நாள் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் 28 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஜூனில் மத்திய அரசு சொன்னது. எங்கள் நிலையத்துச் செவிலியருக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் அறிவிப்பை அச்செடுத்து, பெர்மிட் நகலோடு கொண்டுபோய்க் காட்டினேன். அந்த அம்மா மேலே கேட்டுப் பேசி, மறுநாளே வரச் சொன்னார்.

அடுத்து பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய தொல்லை, கவனமாகக் கேளுங்கள். ஆதாரில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும். ஊசி போடும் இடத்தில் ஆதாரைக் காட்டினால் சான்றிதழில் இனிஷியல் வரும். வெளிநாட்டுக் கவுண்டரில் இருப்பவருக்கு நம் இனிஷியல் வழக்கம் தெரியாது, அவருக்கு இரண்டும் இரண்டு ஆள். தடுப்பூசிச் சான்றிதழ் தரும் கோவின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கவும் பெயரைத் திருத்தவும் வழி இருந்தது, ஆனால் ஒரே ஒரு முறைதான். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுத் திருத்தி, பிறகு மாற்ற முடியாமல் இரண்டு மாதம் அலைந்தார். இப்போதும் என் ஆலோசனை ஒன்றுதான். ஊசியோ பரிசோதனையோ மருத்துவச் சான்றோ, வெளிநாட்டுக்குக் காட்ட வேண்டிய எந்தக் காகிதமானாலும் ஆதாரை நீட்டாதீர்கள், பாஸ்போர்ட்டை நீட்டுங்கள். எழுதும்போதே பக்கத்தில் நின்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, இந்திய சிம். இங்கே வந்ததும் ஊர் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவோம். கோவினும் வங்கியும் ஓடிபி அனுப்புவது அந்த நம்பருக்குத்தான். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனின் பழைய நம்பர் வேறு யாருக்கோ போயிருந்தது. மாதம் கொஞ்சம் காசு போனாலும் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

தடை நீடிக்க நீடிக்க ஏஜென்ட்கள் கிளம்பினார்கள். "நுழைவு அனுமதி வாங்கித் தருகிறேன், எண்பதாயிரம்" என்று ஒருவர் என் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசினார். அந்த அனுமதிக்கு அப்போது கம்பெனி வழியாகத்தான் எம்ஓஎம்மிடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, சம்பந்தமில்லாத வெளியாள் வாங்க முடியாது. என் மனைவி அவரிடம், "அப்ப கம்பெனிக்காரரைப் போனில் பேசச் சொல்லுங்க" என்றாள். எழுந்து போய்விட்டார். ஆனால் எங்கள் ஊரில் இருவர் நகையை அடகு வைத்துக் கொடுத்தார்கள், பணம் திரும்பவில்லை. தனிமைப்படுத்தும் இடத்துக்கும் பரிசோதனைக்குமான செலவும் அப்படித்தான். ஒர்க் பெர்மிட்காரரின் பராமரிப்புச் செலவு முதலாளியுடையது, அதைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது. அதைத் தெரியாமல் கட்டியவர்கள் நிறைய.

நவம்பரில் அழைப்பு வந்தது. புறப்படுவதற்கு முன் 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை வேண்டும். எதிலிருந்து எதுவரை 48 மணி நேரம் என்பதில்தான் பலர் ஏமாந்தார்கள். முடிவு வந்த நேரத்திலிருந்து கணக்கில்லை, மூக்கில் சளி எடுத்த நேரத்திலிருந்து கணக்கு. நான் விமான நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, விமானம் நான்கு மணி நேரம் தாமதமானாலும் தாங்கும்படி நேரம் குறித்துக்கொண்டு திருச்சியில் எடுத்தேன். என் வரிசையில் நின்ற ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் நெகட்டிவ் முடிவு இருந்தது, சளி எடுத்து மட்டும் 51 மணி நேரம் ஆகியிருந்தது.

சிங்கப்பூரில் பத்து நாள் தனிமை. பிறகு மறுபடி டார்ம். நகரம் 2020 ஜூனிலேயே திறந்துவிட்டது. உணவகம், கடற்கரை, பேரங்காடி எல்லாவற்றிலும் கூட்டம். எங்களுக்கு அந்த வருட அக்டோபர் கடைசியில்தான் பொழுதுபோக்கு மையத்துக்குப் போக அனுமதி கிடைத்தது. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போக முதல் சோதனை ஏற்பாடு 2021 செப்டம்பரில், அதுவும் வாரத்துக்கு 500 பேர், தடுப்பூசி போட்டவர்கள் மட்டும். வெளியே போக முன்கூட்டி அனுமதி வாங்கும் கட்டாயம் 2022 ஜூன் வரை இருந்தது. அதன் பிறகும் ஞாயிறிலும் விடுமுறையிலும் தேக்கா மாதிரியான நான்கு இடங்களுக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. முதல் சில மாதம் கேட்டை மூடியது எங்கள் உயிரையும் காத்தது, அதை நான் மறுக்கமாட்டேன். மருத்துவம் இலவசமாகப் பார்த்தார்கள், அந்த நன்றி இருக்கிறது. ஆனால் நாங்கள் கட்டிய பேரங்காடியில் ஊரே நடமாட, தடுப்பூசி போட்ட எங்களை அதற்குப் பிறகும் உள்ளே வைத்தது சரி என்று என் மனம் ஒருநாளும் ஒப்பவில்லை. புதிதாகக் கட்டும் டார்ம்களில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டராவது வேண்டும் என்று 2021-இல் விதி போட்டார்கள். அது நல்ல மாற்றம். அண்ணன் மகன் தங்கப் போகும் டார்ம் புதியதா பழையதா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

2022 ஜூலையில் ஒரு ஞாயிறு, அனுமதி கிடைத்து தேக்காவுக்குப் போனேன். 2020 மார்ச்சுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. வழக்கமாகச் சாப்பிடும் கடையில் தோசை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "தம்பி, இருக்கீங்களா!" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டாவது தோசைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அண்ணன் மகன் நேற்று ஃபைலின் படத்தை அனுப்பியிருந்தான். நீல நிறம், இருபது உறை. முதல் உறையில் ஐபிஏ. பாஸ்போர்ட் நகலை இரண்டாவது உறையில் வைக்கச் சொன்னேன். ஊசிச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.